மழைக்கு முன் வந்த பணம்

வடக்குவெளி, கீழ்வேளூர் வழி
மார்கழி 22

சென்னை நேசக்கரை அறக்கட்டளையில் பணம் அனுப்பும் பிரிவில் இருக்கிறவருக்கு,

என் பெயர் அம்சவல்லி. இதை நான் கையால் எழுதுகிறேன். என் மகள் எழில்மொழி படம் பிடித்து உங்கள் எண்ணுக்கு அனுப்புவாள். காலையிலிருந்து உங்களைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்து எடுத்து வைக்கிறேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் என் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. எழுதினால் கொஞ்சம் மரியாதை தானாக வந்துவிடும்.

நேற்றுக் காலை உளுந்து ஊறப் போட்டுக்கொண்டிருந்தேன். போனில் ஒரு சேதி வந்தது. "தங்கள் இழப்புக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறோம். தங்கள் குடும்பத்துக்கான நிவாரணத் தொகை வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது." அடியில் இங்கிலீஷில் ஏதோ ஒரு கம்பெனிப் பெயர். 'சர்வீசஸ்' என்று முடிந்தது. உங்கள் அறக்கட்டளையின் பெயர் எங்கேயும் இல்லை.

என் வீட்டுக்காரர் செல்லதுரை மஸ்கட்டில் சாரம் கட்டும் வேலை பார்க்கிறார். அவருடைய கம்பெனிப் பெயரும் 'சர்வீசஸ்' என்றுதான் முடியும். இங்கே வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது. வயலில் சம்பா தலை சாய்ந்து நிற்கிறது. ஆடு மாடு எல்லாம் கொட்டகையில் இருக்கிறது. அப்படியென்றால் எனக்கு என்ன இழப்பு? நீங்களே சொல்லுங்கள், நான் வேறு எதை நினைக்க முடியும்?

அவருக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தது. வேலையிடத்தில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கே வரவில்லை. நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு ஈஸ்வரி அக்கா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். யாரோ ஒருத்தி, "அவ தலையில உள்ள பூவ எடுத்துடுங்கடி" என்றாள். எழில்மொழிதான் குறுக்கே வந்து நின்றாள். "எங்கப்பா பேசுற வரைக்கும் எங்கம்மாவ யாரும் தொடக்கூடாது!" என்று கத்தினாள். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற பெண் அப்படிக் கத்த வேண்டிய நிலைமையை உங்கள் சேதி உண்டாக்கியது.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "என்னா அம்சம், இத்தன மிஸ்டு கால்? சாப்புடக்கூட வுடமாட்டியா?" என்றார். நான் அவரைத் திட்டினேன். அழுதேன். மறுபடியும் திட்டினேன்.

அப்புறம் எழில்மொழி இணையத்தில் தேடி, அது உங்கள் அறக்கட்டளைப் பணம் என்று கண்டுபிடித்தாள். போன வருஷ வெள்ளத்தில் உங்கள் ஆட்கள் வந்து ஆதாரையும் பாஸ்புக்கையும் படம் எடுத்துப் போனது அப்போதுதான் ஞாபகம் வந்தது. உங்கள் பக்கத்தில் நன்கொடைக்கு என்று ஒரு சதுரம் இருந்தது. அதை ஸ்கேன் செய்து, வந்த பணம் முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டோம். உடனே உங்களிடமிருந்து இன்னொரு சேதி. "தங்கள் தாராள உள்ளத்துக்கு நன்றி." கூடவே வருமான வரிச் சலுகைக்கு ஒரு ரசீது. நாற்று நட்டும் களை பறித்தும் சாப்பிடுகிறவளுக்கு வரிச் சலுகை!

இழவு விழாத வீட்டுக்கு இனிமேல் வாய்க்கரிசி அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
செ. அம்சவல்லி


சென்னை
ஜனவரி 6, இரவு

அன்புள்ள அம்சவல்லி அக்கா,

என் பெயர் ஹஃப்ஸா. அந்தப் பணத்தை அனுப்பச் சொல்லிக் கடைசி ஒப்புதல் கொடுத்தவள் நான்தான். மன்னித்துவிடுங்கள். எழில்மொழியிடமும் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் வெள்ளம் வடிந்த பிறகு கணக்கெடுப்போம், கூட்டம் போடுவோம், அரிசிக்கு விலை கேட்போம், லாரி பிடிப்போம். மூட்டை உங்கள் ஊருக்கு வந்து சேரும்போது ஜனங்கள் அடுத்த சாகுபடிக்குக் கடன் வாங்கி முடித்திருப்பார்கள். அந்தச் செலவிலும் பாதி லாரிக்கும் மேடைக்கும் போகும். இந்த வருஷம் அதை மாற்றினோம். பெருமழை வரப்போகிறது என்று வானிலைக் கணிப்பு உறுதியாகச் சொன்னால், மழைக்கு முன்பே பணம் போய்விடும். நான் ஒரு தடவை ஒப்புதல் கொடுத்தால் போதும், டீ ஆறுவதற்குள் அத்தனை கணக்கிலும் ஏறிவிடும். பணத்தை எங்களுக்காக வங்கிகளில் சேர்ப்பது ஒரு தனியார் கம்பெனி. அதனால்தான் அவர்கள் பெயர் வந்தது.

ஆனால் கூடப் போன வாசகம் போன வருஷத்துடையது. வெள்ளத்துக்குப் பிறகு அனுப்புவதற்காக எழுதியது. அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டியவள் நான்.

எனக்குச் சொந்த ஊர் திருவாரூர். என் அத்தா மீரா உசேன் ஜித்தாவில் ஒரு கடையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். வேளைகெட்ட வேளையில் போன் அடித்தால் அம்மா எடுத்தவுடன் கேட்பது, "ஹைருதானே?" நல்ல சேதிதானே என்று அர்த்தம். அத்தாவும் சலாம் சொன்ன கையோடு, "ஹைருதான் கமரு, ஒண்ணுமில்ல, சும்மாதான் போட்டேன்" என்பார். அதற்குப் பிறகுதான் மற்றப் பேச்சு. அந்த வீட்டில் வளர்ந்தவள் உங்களுக்கு இப்படியொரு சேதியை அனுப்பியிருக்கிறேன். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் அக்கா, மழை வரப்போவது நிஜம். வெள்ளிக்கிழமையிலிருந்து நாகை, திருவாரூர்ப் பக்கம் கடுமையாக இருக்கும் என்கிறார்கள். உங்கள் சம்பா தலை சாய்ந்து நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அறுப்பு மிஷினுக்குப் பணம் இருக்கிறதா? இல்லையென்றால் திரும்பவும் அனுப்புகிறேன். நீங்கள் சரி என்று சொன்னால்தான் அனுப்புவேன். என்மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கட்டும். பயிரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
ஹஃப்ஸா


வடக்குவெளி
மார்கழி 23

ஹஃப்ஸா மேடத்துக்கு,

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறீர்கள். ஆனாலும் நன்றாகத்தான் ஆட்டுகிறீர்கள். உங்கள் அம்மா கேட்பதைப் படித்ததும் எனக்குக் கோபம் பாதி போய்விட்டது. நாங்களும் அப்படித்தான். அவர் வேளை தப்பிக் கூப்பிட்டால், "நல்லாருக்கேன் அம்சம்" என்று சொல்லிவிட்டுத்தான் மூச்சு விடுவார்.

பணம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இல்லை. ஆறு மா, அதாவது ரெண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, கையிலிருந்ததை எல்லாம் உரத்திலும் நடவுக் கூலியிலும் போட்டுவிட்டேன். அவருக்குச் சம்பளம் வர இன்னும் நாள் இருக்கிறது. பொங்கல் கழித்து நிதானமாக அறுக்கலாம் என்றிருந்தேன்.

உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? இந்த நெல் வீடு வந்து சேர்ந்தால் அவர் வாங்கிப் போன கடன் அடையும். சித்திரையில் ஊருக்கு வந்துவிடுவார். நெல் வராவிட்டால் அவர் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். கம்பெனிக்காரன் மாசக் கடைசிக்குள் பதில் கேட்டிருக்கிறான். நாங்கள் ரெண்டு பேரும் போனில் பேசும்போது இந்தப் பேச்சை மட்டும் எடுப்பதே இல்லை. "கதிரு எப்புடி இருக்கு?" என்று கேட்பார். அதற்கு அர்த்தம் நான் வரலாமா என்பதுதான்.

மிஷின் தரகர் தமிழ்மாறனிடம் காலையில் போனேன். ஈர வயலில் இறங்குகிற செயின் வண்டிதான் எங்களுக்கு வேண்டும். அது இரண்டுதான் இந்தப் பக்கம் நிற்கிறது. "மழ வருதுன்னு டிவியில சொல்லிட்டான் அக்கா. முன்பணம் போடுறவங்களுக்குத்தான் மொத வண்டி" என்றான்.

அதனால் அனுப்புங்கள். வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். நீங்களும் அணை போடத்தான் காசு அனுப்பியிருக்கிறீர்கள், எழவுச் சேதியைச் சேர்த்து அனுப்பியதுதான் தப்பு.

இன்னொரு விஷயம். இது என் மனசை அறுக்கிறது. எங்கள் தெருவில் பத்துப் பதினைந்து வீட்டுக்கு இதே பணம் வந்திருக்கிறது. ஒருத்தரும் தொடவில்லை. "அம்சவல்லி வூட்டுல எழவு கூட்டுன பணம்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஈஸ்வரி அக்காவுக்குப் பயிர் என்னைவிட நன்றாகப் பழுத்திருக்கிறது. அவளும் தொட மாட்டேன் என்கிறாள். நான் போட்ட சத்தத்துக்கு அவர்கள் பயிர் போகக்கூடாது.

நீங்கள் வேறு ஒரு சேதி அனுப்புங்கள். எப்படி எழுத வேண்டும் என்று நானே சொல்கிறேன். "பயப்படாதீங்க, நல்ல சேதிதான். யாருக்கும் ஒண்ணும் ஆகல. மழை வரப்போவுது. அறுப்புக்கோ படுதாவுக்கோ இந்தப் பணத்த வச்சுக்குங்க. திருப்பித் தர வேணாம்." கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். கம்பெனிப் பெயர் வேண்டாம். மனுஷப் பெயர் இருந்தால்தான் நம்புவார்கள்.

அம்சவல்லி


சென்னை
ஜனவரி 7, மாலை

அம்சவல்லி அக்காவுக்கு,

பணம் வந்துவிட்டதா? இந்நேரம் உங்கள் கணக்கில் இருக்க வேண்டும்.

நீங்கள் சொன்ன சேதியை எங்கள் அலுவலகத்தில் காட்டினேன். பேச்சு வழக்கில் அனுப்புவது வழக்கமில்லை என்றார்கள். 'யாருக்கும் ஒண்ணும் ஆகல' என்று நாம் எப்படி உறுதி கொடுப்பது என்று ஒரு வழக்கறிஞர் கேட்டார். 'இது துக்கச் செய்தி அன்று' என்று மாற்றலாமா என்றார். அதைப் படித்தால் நானே பயந்துவிடுவேன் என்றேன். கடைசியில் உங்கள் வாசகம் ஏறக்குறைய அப்படியே போகிறது. 'பயப்படாதீங்க, நல்ல சேதிதான்' என்றுதான் தொடங்கும். என் பெயரும் போன் எண்ணும் இருக்கும். கூப்பிட்டால் நானே எடுப்பேன்.

உங்கள் கடிதம் வராமல் இருந்திருந்தால் எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது அக்கா. எங்கள் திரையில் உங்கள் தெருவுக்கு எல்லாமே பச்சையாகத்தான் இருந்தது. பணம் போய்ச் சேர்ந்தது, வேலை முடிந்தது என்று அர்த்தம். நீங்கள் திருப்பி அனுப்பியதுகூட நன்கொடைப் பக்கத்தில் இன்னொரு பச்சையாக ஏறியிருந்தது. இவ்வளவு வேகமாக வேலை செய்கிறோமே என்று அன்றைக்குக் காலையில் நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு உதவி வேண்டும். சேதியைவிட உங்கள் வாய்ச்சொல்லுக்கு உங்கள் தெருவில் மதிப்பு அதிகம். நீங்களே போய்ச் சொல்ல முடியுமா? கேட்பதற்கு எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

ஹஃப்ஸா


வடக்குவெளி
தை 5

அன்புள்ள ஹஃப்ஸா தங்கச்சிக்கு,

இனிமேல் மேடம் என்று எழுத வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே. மரியாதை குறைந்துவிடவில்லை, ஒட்டுதல் கூடிவிட்டது, அவ்வளவுதான்.

பொங்கலுக்கு முன்பே எழுத நினைத்தேன். கை ஒழியவில்லை. இப்போது எல்லாவற்றையும் சொல்கிறேன்.

உன் பணம் வந்த அன்றைக்கே வரப்பில் நின்றபடியே தமிழ்மாறனுக்கு முன்பணத்தைப் போனில் அனுப்பினேன். அவன் போனில் 'வரவு' என்று குரல் வந்ததும், "ஒனக்கு ரெண்டாவது வண்டி அக்கா, வியாழக்கெழம காலையில" என்றான். ரொக்கம் கொண்டு வருகிறேன் என்று வீட்டுக்குப் போனவர்கள் திரும்பி வருவதற்குள் வரிசை நீண்டுவிட்டது.

அப்புறம் தெருவில் வீடு வீடாகப் போனேன். இதைச் சொல்லச் சிரிப்பாக வருகிறது. எந்த வாயால் ஊரைக் கூட்டினேனோ அதே வாயால் எல்லாரையும் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. பாதிப் பேர் நம்பவில்லை. உன் சேதியைப் படித்துக் காட்டினால், "நீதான சொல்லி எழுத வச்ச?" என்றார்கள். கடைசியில் எழில்மொழி அவள் அப்பாவை வீடியோவில் கூப்பிட்டு, ஒவ்வொரு வாசலிலும் போனை நீட்டினாள். அவரும், "நான் நல்லாத்தான் இருக்கேன், பணத்த எடுத்து அறுப்பப் பாருங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனார். ஈஸ்வரி அக்கா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "எலச்சுப் போய்ட்டியே தம்பி" என்று திரும்பவும் அழுதாள். அப்புறம்தான் வண்டிக்குச் சொன்னாள்.

காலையில் வருகிறேன் என்ற வண்டி வியாழக்கிழமை சாயங்காலம்தான் இறங்கியது. கதிர் முக்கால்வாசிதான் பழுத்திருந்தது. ஒரு வாரம் விட்டிருந்தால் எடை கூடியிருக்கும். பச்சையாக அறுக்கிறோமே, சொன்ன மழை வராவிட்டால் என்ன செய்வது என்று வானத்தையே பார்த்தேன். உன்னை மனசுக்குள் திட்டினேன், பொய் சொல்வானேன். ஐந்து மா முடிவதற்குள் இருட்டிவிட்டது. வடிகால் ஓரத்து ஒரு மா மட்டும் நின்றுவிட்டது. அதைக் காலையில் அறுக்கிறேன் என்றார் வண்டிக்காரர். காலையில் வண்டியும் இல்லை, வரப்பும் இல்லை. எல்லாம் தண்ணீர்.

அந்த ஒரு மாவும் போய்விட்டது. படுத்த கதிரில் முளை விட்டிருக்கிறது. ஐந்து மா நெல் கொள்முதல் நிலையத்துக் களத்தில், நான் வாங்கிய புதுப் படுதாவுக்கு அடியில் காயாமல் இருந்தாலும் அழுகாமல் இருந்தது. ராத்திரியெல்லாம் படுதாவின் நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தோம் நானும் ஈஸ்வரி அக்காவும். வெயில் வந்த பிறகு உலர்த்தினோம். ஈரப்பதம் பார்க்கிறவர் குச்சியைக் குத்தும்போது எனக்கு உயிரே இல்லை. நெல்லை எடுத்துக்கொண்டார்.

வடக்குத் தெருவில் உங்கள் பட்டியலில் இல்லாதவர்கள் நிறையப் பேர். அவர்கள் வயலைப் பார்க்கவே முடியவில்லை. பஞ்சநதம் என்று ஒருவர், என் குத்தகை நிலத்துக்கு அடுத்த நிலத்துக்காரர். மூழ்கின கதிரைக் கையால் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். என் நெல் கரை சேர்ந்ததைச் சத்தமாகச் சொல்லிச் சந்தோஷப்பட எனக்கு வாய் வரவில்லை. அடுத்த தடவை அந்தத் தெருவையும் சேர்த்துக்கொள். போன வருஷம் உன் ஆட்கள் வந்த அன்றைக்கு அந்தத் தெருவுக்குள் தண்ணீர் இடுப்பளவு நின்றது, அதனால் போகவில்லை. அதிகம் மூழ்கினவர்கள்தான் விடுபட்டார்கள். இதை எழுத வேண்டும் என்றே இன்றைக்கு உட்கார்ந்தேன்.

மற்றபடி என்ன சொல்வது? யாரென்றே தெரியாதவளுக்குப் பணம் அனுப்பி, திட்டையும் வாங்கிக்கொண்டு, திரும்பவும் அனுப்பினாயே. நீ நன்றாக இருக்க வேண்டும். உன்னைப் பெற்றவர்கள் நன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் உன் பெயரைச் சொல்கிறேன்.

கதிர் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டதற்கு இந்தத் தடவை, "வூட்டுக்கு வந்துருச்சு, நீங்களும் வாங்க" என்றேன். "இன்னொரு தடவ சொல்லு" என்றார். சொன்னேன்.

உன் அக்கா,
அம்சவல்லி


சென்னை
பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

தங்கச்சி என்று நீங்கள் எழுதிய வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

நேற்று அறங்காவலர்கள் கூட்டம். முன்கூட்டியே பணம் அனுப்பும் திட்டத்தைத் தொடர்வதா, பழையபடி லாரிக்கே போவதா என்று முடிவு செய்ய வேண்டும். நான் வரைபடங்கள் எல்லாம் தயார் செய்து போயிருந்தேன். எவ்வளவு வேகம், எவ்வளவு மிச்சம் என்று காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்புறம் உங்கள் முதல் கடிதத்தைப் படித்தேன். நீங்கள் நேற்று முன்தினம் போனில் அனுமதி கொடுத்தபோது, "வாய்க்கரிசிய மட்டும் வுட்டுடு" என்றீர்கள். விடவில்லை. மன்னியுங்கள். அந்த வரியில்தான் தலையாட்டுவது நின்றது.

திட்டம் தொடர்கிறது. ஆனால் பணம் போவதற்கு முந்தைய நாள் அந்தந்த ஊரில் தெரிந்த ஒருவர் வீடு வீடாகச் சொல்லிவிட வேண்டும் என்று சேர்த்திருக்கிறோம். அதற்குக் கூலியும் உண்டு. வடக்குவெளிக்கு யார் என்று நான் சொல்ல வேண்டுமா? அப்படியே வடக்குத் தெருவுக்கும் நம் ஆட்கள் அடுத்த வாரம் வருகிறார்கள். பஞ்சநதம் அவர்களைத்தான் முதலில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ராத்திரி ஊருக்குப் போன் போட்டு இதையெல்லாம் அத்தாவிடம் சொன்னேன். அவர் என் வேலையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "அந்தப் புள்ளயோட மாப்புள வந்துட்டாரா?" என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை அத்தா என்றேன். "கேட்டுச் சொல்லு" என்று வைத்துவிட்டார். ஜித்தாவிலிருந்து அவர் திரும்பி வருவதாகச் சொல்லி வராமல் போன வருஷங்களை எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அவருக்காகக் கேட்கிறேன். எனக்காகவும்தான். நான் ஒப்புதல் கொடுக்கும் திரையில் இதற்கு இடம் இல்லை. நீங்கள்தான் எழுத வேண்டும்.

நன்றியுடன்,
உங்கள் தங்கச்சி
ஹஃப்ஸா


வடக்குவெளி
சித்திரை 12

அன்புள்ள ஹஃப்ஸாவுக்கு,

உன் அத்தாவுக்கு முதலில் சொல்லிவிடு. வந்துவிட்டார். கையெழுத்துப் போடவில்லை. கடன் முழுசாக அடையவில்லை, மிச்சத்தை இங்கேயே உழைத்துக் கட்டிக்கொள்ளலாம் என்று ரெண்டு பேரும் பேசி முடிவு செய்தோம். போன வெள்ளிக்கிழமை திருச்சியில் இறங்கினார். எழில்மொழி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். நான் பெட்டியைத்தான் முதலில் வாங்கினேன். என்னவோ, அவர் முகத்தை நேராகப் பார்க்க அவ்வளவு நேரமாயிற்று. கன்னம் ஒட்டித்தான் இருக்கிறார், ஈஸ்வரி அக்கா சொன்னது சரி.

உன் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். வீடு வீடாகப் போய்ச் சொல்கிற வேலை. வடக்குத் தெருவில் இப்போதே ஆரம்பித்துவிட்டேன். பஞ்சநதம் அண்ணன், "பணம் வந்தா வரட்டும், மழ வராம இருந்தா அத வுட நல்லது" என்றார். அதை அப்படியே உனக்கு எழுதச் சொன்னார்.

இன்றைக்குக் காலையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அடுப்படியில் இருந்தேன். போன் அடித்தது. அவர் பெயர். வேளை தப்பி அவர் கூப்பிட்டால் பயப்படுவது இத்தனை வருஷப் பழக்கம். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி எடுத்தேன். "என்னாச்சுங்க?" என்று கத்திவிட்டேன்.

கீழ்வேளூர்க் கடைத்தெருவில் நிற்கிறாராம்.

"கத்திரிக்கா வாங்கவா, வெண்டக்கா வாங்கவா?" என்று கேட்டார்.

உன் அக்கா,
அம்சவல்லி